கோடை முடியும் வேளையில் ஆற்று டிரவுட்: ஃப்ளை ஃபிஷிங் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோடை முடியப்போகும் வாரங்களில் ஆறு மெலிந்துவிடும். ஓட்டம் தளரும், நீர் கண்ணாடிபோல் தெளியும், பகலில் வெதுவெதுக்கும். வசந்தத்தில் வந்ததையெல்லாம் விழுங்கிய டிரவுட் என்னும் குளிர்நீர் மீன் இப்போது நேரம் பார்த்து, இடம் பார்த்துத்தான் வாய் திறக்கும். வட கோளத்தில் இது ஆகஸ்ட் முதல் செப்டம்பர் நடுப்பகுதி வரை. தென் கோளத்தில் பிப்ரவரி, மார்ச். பிரவுன், வானவில், புரூக் ஆகிய மூன்று வகை டிரவுட்டுக்கும் இங்குள்ள பதில்கள் பொருந்தும். வேறுபடும் இடத்தைத் தனியே குறித்திருக்கிறோம்.

ஆற்றில் இறங்குமுன் முதலில் என்ன செய்ய வேண்டும்?

நீரின் வெப்பத்தை அளக்க வேண்டும். ஈப் பெட்டியைத் திறப்பது அதற்குப் பிறகுதான் (ஈ என்பது தூண்டில் முள்ளில் இறகும் நூலும் கட்டிச் செய்யும் போலிப் பூச்சி). நூல் கட்டிய சாதாரண நீர் வெப்பமானி ஒன்று போதும். கரையோரத்தில் தேங்கிய நீரில் அளந்தால் ஆற்றின் உண்மையான வெப்பம் தெரியாது. ஓட்டமுள்ள இடத்தில், நிழலில், முழங்கை ஆழத்தில் இரண்டு நிமிடம் பிடியுங்கள். நீருக்குள் இருக்கும்போதே எண்ணைப் படித்துவிடுங்கள். வெளியே எடுத்துப் படித்தால் காற்றுப் பட்டு மாறிவிடும். வந்ததும் ஒருமுறை, பிறகு மணிக்கு ஒருமுறை அளந்தால் அந்த ஆறு எவ்வளவு வேகமாகச் சூடேறுகிறது என்பது இரண்டு நாளில் பிடிபடும்.

எத்தனை டிகிரி வரை தூண்டில் போடலாம்?

10 முதல் 16 டிகிரி செல்சியஸ் வரை டிரவுட் நன்றாக மேயும். 18-ஐத் தாண்டினால் எச்சரிக்கை: மாட்டிய மீனை விரைவாகக் கரைசேர்க்க முடியும் என்றால் மட்டும் தொடருங்கள். 20-ஐத் தொட்டால் ராடை (தூண்டில் கோலை) மடக்கிவிடுங்கள். புரூக் டிரவுட் மற்ற இரண்டையும்விட வெப்பம் தாங்காதது. அது வாழும் ஓடையில் 18-லேயே நிறுத்துவது நல்லது. 25-ஐ ஒட்டிய வெப்பம் நாட்கணக்கில் நீடித்தால் தூண்டிலே போடாவிட்டாலும் பிரவுன் டிரவுட் சாகும்.

காரணம் ஆக்சிஜன். கடல்மட்டத்தில் 10 டிகிரி நீர் லிட்டருக்குச் சுமார் 11.3 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்துக்கொள்ளும். 20 டிகிரியில் அது 9.1 ஆகக் குறைந்துவிடும். அதே வேளையில் வெப்பம் ஏற ஏற மீனின் உடலுக்கு ஆக்சிஜன் கூடுதலாக வேண்டும். வரவு குறைந்து செலவு கூடும் அந்த நேரத்தில் அதைத் தூண்டிலில் மாட்டி ஓடவைத்தால், அந்தக் கடனை மீனால் அடைக்க முடியாமல் போகலாம்.

சில இடங்களில் இது சட்டமாகவே இருக்கிறது. அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் ஆற்றின் உச்ச வெப்பம் தொடர்ந்து 3 நாட்கள் 73 டிகிரி ஃபாரன்ஹீட்டை, அதாவது ஏறத்தாழ 23 செல்சியஸை, எட்டினால் பகல் 2 மணி முதல் நள்ளிரவு வரை மீன்பிடிக்கத் தடை விதிப்பார்கள். ‘ஹூட் அவுல்’ தடை என்று அதற்குப் பெயர். சட்டம் 23-இல்தான் தலையிடுகிறது என்பதற்காக நாமும் 23 வரை காத்திருக்க வேண்டியதில்லை.

பிடித்ததும் விட்டுவிடுகிறோம். சூடான நீரிலும் பிடித்தால் என்ன?

நீந்திப் போன மீன் எல்லாம் பிழைத்த மீன் அல்ல. பல மீன்கள் உங்கள் கண்ணுக்கு மறைந்து சில மணி நேரம் கழித்துத்தான் சாகின்றன. 1992-இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில் வானவில் டிரவுட்களை விரட்டிக் களைக்கவைத்து, ஒரு பகுதியைக் காற்றில் வைத்துப் பார்த்தார்கள். களைத்ததோடு விடப்பட்டவற்றில் 12 மணி நேரத்துக்குள் 12 விழுக்காடு இறந்தன. 30 விநாடி நீருக்கு வெளியே இருந்தவற்றில் 38 விழுக்காடு. ஒரு நிமிடம் இருந்தவற்றில் 72 விழுக்காடு. தொட்டியில் களைப்பின் எல்லை வரை விரட்டப்பட்ட மீன்கள் அவை, ஆற்றில் எண்கள் மாறும். ஆனால் படம் எடுக்க எடுத்துக்கொள்ளும் அரை நிமிடம் மீனுக்கு எவ்வளவு பெரியது என்பதை அவை காட்டிவிட்டன. காற்றில் செவுளின் மெல்லிய இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. மூச்சு வாங்க வேண்டிய தருணத்தில் மூச்சு அடைபடுகிறது.

நாளின் எந்த நேரம் நல்லது?

விடியல். ஆறு மிகக் குளிர்ந்திருப்பது சூரியன் எழும் வேளையை ஒட்டித்தான். காலை 10, 11 மணிக்குள் முடித்துக்கொள்ளலாம் என்று திட்டமிடுங்கள்.

மாலை பற்றிப் பலர் ஏமாறுகிறார்கள். வெயில் தாழ்ந்ததும் நமக்குக் குளுமையாக இருக்கும், ஆற்றுக்கு அப்படியில்லை. நீர் தன் உச்ச வெப்பத்தைத் தொடுவதே பெரும்பாலும் மாலை 4 மணிக்கும் 6 மணிக்கும் இடையில்தான். அதன் பிறகு மெல்லத்தான் இறங்கும். அந்தியில் மீன்கள் மேற்பரப்பில் எழுவதைப் பார்த்ததும் கை துறுதுறுக்கும். முதலில் வெப்பமானி, பிறகு ஈ.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. நீர்ச்செடி அடர்ந்து மெல்ல ஓடும் ஆறுகளில் செடிகளும் இரவு முழுக்க ஆக்சிஜனை உண்ணும். அங்கே விடியலுக்குச் சற்று முன்புதான் ஆக்சிஜன் அடிமட்டத்தில் இருக்கும். அப்படிப்பட்ட ஆற்றில் வெயில் விழுந்து ஒரு மணி நேரம் போனபின் தொடங்கினால் மீனும் சுறுசுறுப்பாக இருக்கும், அதற்கும் கேடில்லை.

அணையின் அடிமட்ட மதகிலிருந்து நீர் பெறும் ஆறுகளும் ஊற்றால் ஊறும் ஓடைகளும் இந்தக் கணக்குக்கு வெளியே. கோடை உச்சியிலும் அவை சில்லென்று ஓடும். சுற்றுவட்டார ஆறுகள் எல்லாம் சூடாகிவிட்ட வாரத்தில் அங்கே போவதே அறிவு.

மீன் எங்கே நிற்கும்?

மூன்று தேவைகளை வைத்துத் தேடுங்கள்: ஆக்சிஜன், நிழல், மறைவு. கூழாங்கற்கள் மேல் சலசலத்து வெள்ளை நுரையோடு ஓடும் ஆழமற்ற ஓட்டத்தில் காற்று கலப்பதால் ஆக்சிஜன் கூடுதல். முழங்கால் ஆழம்கூட இல்லாத அந்த இடத்தில் பெரிய மீன் நிற்காது என்று எண்ணிப் பலர் அதற்குள்ளேயே காலை வைத்து நடந்துவிடுகிறார்கள். இந்தப் பருவத்தில் அதுதான் முதலில் தூண்டில் விழ வேண்டிய இடம். அடுத்தது மடுவின் தலைப்பகுதி, அதாவது வேகமான ஓட்டம் ஆழத்துக்குள் சரிந்து விழும் விளிம்பு. அதற்கடுத்துக் கரை குடைந்த இடங்கள், தாழ்ந்த கிளைகளின் நிழல், நீர்ச்செடிக் கொத்துகளுக்கு இடையே ஓடும் வாய்க்கால்கள்.

நடு மடுவில் பட்டப்பகலில் வரிசையாகத் தெரியும் மீன்களில் பெரும்பாலானவை மேய்வதில்லை. அவற்றின்மேல் ஒரு மணி நேரத்தைச் செலவழிப்பதைவிட, நிழலில் தனியாக நின்று பக்கவாட்டில் அசைந்து எதையோ கவ்வும் ஒரு மீனைத் தேடுவது மேல்.

குளிர்ந்த ஊற்றோ கிளை ஓடையோ சேருமிடத்தில் மீன்கள் கூட்டமாக நிற்கின்றன. அங்கே போடலாமா?

வேண்டாம். ஆறு சூடாகியிருக்கும் நாளில் அவை அங்கே உயிர் பிழைக்க வந்து நிற்கின்றன. விரட்டினால் போக வேறிடம் இல்லை.

என்ன ராட், என்ன லைன்?

நடுத்தர ஆற்றுக்கு எட்டரை முதல் 9 அடி நீளமுள்ள 4-ஆம் எடை ராட், அதே எடையில் மிதக்கும் லைன், அதாவது ஈயைச் சுமந்து செல்லும் தடித்த வீச்சு நூல். எடை என்பது லைனின் கனத்தைக் குறிக்கும் எண். 4-ஆம் எடை லைனின் முதல் 30 அடி 120 கிரெய்ன், சுமார் 7.8 கிராம், 5-ஆம் எடை 140 கிரெய்ன், சுமார் 9.1 கிராம். ஒன்றே கால் கிராம்தான் வித்தியாசம் என்றாலும், அசைவற்ற நீரில் லைன் விழும் சத்தத்தில் அது தெரியும். காற்று பலமாக வீசும் ஆற்றிலும், பெரிய வெட்டுக்கிளி ஈயை வீசும்போதும் 5 வசதி. லைன் பளிச்சென்ற ஆரஞ்சாக இல்லாமல் மங்கிய பச்சையாகவோ பழுப்பாகவோ இருக்கட்டும்.

கோடைநீரில் பாசித் துகள் அதிகம். அது ஒட்டிய லைனின் நுனி மூழ்கும். மூழ்கிய நுனி ஈயை இழுக்கும். ஒவ்வொரு முறை போய்வந்ததும் வெதுவெதுப்பான நீரில் இரண்டு சொட்டு மென்மையான சோப்பு விட்டு, துணியால் லைனின் முதல் 10 மீட்டரைத் துடைத்துவிடுங்கள்.

லீடர், டிப்பெட் எவ்வளவு நீளம், எவ்வளவு மெல்லியது?

லீடர் என்பது லைனின் நுனியில் கட்டும், போகப்போக மெலியும் இழை. டிப்பெட் அதன் முனையில் ஈயைக் கட்டும் மெல்லிய இழை. 9 அடி லீடர் இந்த நீருக்குக் குறைவு. 12 அடி வேண்டும். 5எக்ஸ் வரை மெலியும் 9 அடி லீடர் ஒன்றை எடுத்து, அதன் நுனியில் 90 செ.மீ. டிப்பெட்டைச் சர்ஜன் முடிச்சால் சேர்த்தால் 12 அடி ஆகிவிடும். அமைதியான நீரில் 15 அடி வரையும் போகலாம், உங்கள் வீச்சு அதை நேராக விரிக்குமானால்.

டிப்பெட் எண்ணுக்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது. 11-இலிருந்து எக்ஸ் எண்ணைக் கழித்தால் அதன் தடிமன் அங்குலத்தின் ஆயிரத்தில் எத்தனை பங்கு என்பது கிடைக்கும். 5எக்ஸ் என்றால் 6, அதாவது 0.15 மி.மீ.; 6எக்ஸ் என்றால் 5, ஏறத்தாழ 0.13 மி.மீ. ஈக்கும் டிப்பெட்டுக்கும் பொருத்தம் பார்க்க, முள்ளின் எண்ணை 3-ஆல் வகுங்கள்: 12-ஆம் எண் முள்ளுக்கு 4எக்ஸ், 16-க்கு 5எக்ஸ், 20-க்கு 6 அல்லது 7எக்ஸ். முள்ளின் எண் பெரிதானால் முள் சிறிது என்பதைப் புதியவர்கள் நினைவில் கொள்ளுங்கள்.

7எக்ஸ் பற்றி எங்கள் கருத்து இது: கூடியவரை தவிர்த்துவிடுங்கள். அவ்வளவு மெல்லிய இழையில் மீனை அவசரப்படுத்த முடியாது. சண்டை நீளும், வெப்ப நாளில் அந்த நீளமே மீனைக் கொல்லும். மீன் ஈயை மறுக்கும்போது டிப்பெட்டை மெலிய வைப்பதைவிட நீட்டிப் பாருங்கள். 60 செ.மீ. இருந்ததை 120 ஆக்கினால் அது நீரில் சுருண்டு விழுந்து ஈக்குச் சற்றுத் தளர்வு கொடுக்கும். பெரும்பாலான மறுப்புகள் அதிலேயே தீர்ந்துவிடும்.

மிதக்கும் ஈக்கு நைலான், மூழ்கும் நிம்ஃபுக்கு (நீருக்கடியில் வாழும் இளம் பூச்சியின் போலி) ஃப்ளோரோகார்பன். நைலான் வெயிலில் நைந்துபோகும். போன ஆண்டுச் சுருளைக் கையால் வெடுக்கென்று இழுத்துப் பார்த்துவிட்டுப் பயன்படுத்துங்கள். முடிச்சை இறுக்குமுன் எச்சிலால் நனையுங்கள். உலர்ந்த முடிச்சு உராய்வில் சூடேறி வலுவிழக்கும்.

எந்தெந்த ஈ வேண்டும்?

வசந்தத்தில் நீரிலிருந்து எழும் மேஃப்ளை பூச்சிகளின் பெருவெள்ளம் வடிந்துவிட்டது. இப்போது மீனின் உணவில் பெரும்பங்கு நிலத்திலிருந்து தவறி விழும் பூச்சிகள். எங்களை ஒரே ஒரு ஈயோடு போகச் சொன்னால் கறுப்பு எறும்பைச் சொல்வோம்: 16 அல்லது 18-ஆம் எண் முள், உருண்ட இரண்டு பகுதிகள், நடுவே ஒடுங்கிய இடுப்பு. இடுப்புத் தெளிவாகத் தெரிய வேண்டும். அங்கே நூலைக் குவித்துத் தடித்துவிட்டால் எறும்பு வண்டாகிவிடும். மழை ஓய்ந்து புழுக்கமாக, காற்றில்லாமல் இருக்கும் பிற்பகலில் இறகு முளைத்த எறும்புகள் கூட்டமாகப் பறந்து ஆற்றில் விழும். அந்த நேரத்தில் வேறு எதையும் திரும்பிப் பார்க்காத மீன்கள்கூட எறும்பை எடுக்கும்.

வண்டுக்கு 14 அல்லது 16-ஆம் எண். கறுப்பு ஃபோம் முதுகு, மேலே கண்ணுக்குத் தெரிய ஒரு வெளிர் புள்ளி. மரக்கிளைக்கு அடியில் ‘பொத்’தென்று விழவிடுங்கள், அந்தச் சத்தமே அழைப்பு. வெட்டுக்கிளி 8 முதல் 12 வரை, புல் மண்டிய கரை, வெயிலேறிக் காற்று வீசும் முற்பகல். கரையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் விழாவிட்டால் பயனில்லை. கோடை இறுதியில் நீள்கால் கிரேன் ஈயும் தள்ளாடிப் பறந்து நீரில் விழும். காற்றுள்ள நாளில் 10 அல்லது 12-ஆம் எண்ணில் அதன் போலி நன்றாக வேலை செய்யும்.

நீரில் பிறப்பவையும் முற்றிலும் இல்லாமல் போகவில்லை. வட அமெரிக்க ஆறுகளில் காலையில் டிரைக்கோ என்னும் மிகச் சிறிய மேஃப்ளை முட்டையிட்டுச் சிறகு விரித்து நீரில் விழும். 20 முதல் 24-ஆம் எண் வேண்டும். ஐரோப்பிய ஆறுகளில் மாலை நேரம் நீலச்சிறகு ஆலிவ் என்னும் மேஃப்ளை, அதன் செந்நிற ஸ்பின்னர் (முட்டையிட்டுச் சாகும் கடைசிப் பருவம்), 14 அல்லது 16. இரண்டு கண்டங்களிலும் அந்தியில் கேடிஸ் ஈ. மான்மயிரில் கட்டிய 14-ஆம் எண் போலியைக் கடைசி அங்குலங்களில் லேசாக இழுத்துச் சறுக்கவிடலாம்.

நீருக்கடியில் வேண்டுமானால் 16, 18-ஆம் எண் ஃபெசன்ட் டெயில் நிம்ஃப், சிறு மணி வைத்தது. வெட்டுக்கிளி ஈயின் முள்வளைவில் 45 முதல் 60 செ.மீ. டிப்பெட்டைக் கட்டி அதன் கீழ் இந்த நிம்ஃபைத் தொங்கவிட்டால் வெட்டுக்கிளியே தக்கையாகிவிடும். அது நின்றாலோ அமிழ்ந்தாலோ ராடைத் தூக்குங்கள். இரண்டு ஈ கட்டத் தடையுள்ள ஆறுகள் இருக்கின்றன, முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்தியில் சுற்றிலும் மீன் எழுகிறது, என் ஈயை மட்டும் தொடவில்லையே?

பறக்கும் பூச்சியைப் பார்த்து ஈயைத் தேர்ந்திருப்பீர்கள். மீன் தின்பது பெரும்பாலும் நீரோடு ஒட்டி, சிறகு விரித்துச் செத்துக் கிடக்கும் ஸ்பின்னரை. அது நின்றபடி பார்த்தால் தெரியாது. முகத்தை நீர்மட்டத்துக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள், அல்லது கைவலையின் நுனியை இரண்டு நிமிடம் ஓட்டத்தில் பிடித்து அதில் ஒட்டுவதைப் பாருங்கள். மீன் எழும் விதமும் சொல்லும். மூக்கு நுனி மட்டும் தெரிந்து சிறு வளையம் விட்டால் ஸ்பின்னர். நீர் தெறித்தால் கேடிஸ். முதுகும் வாலும் தெரிந்து மூக்கு தெரியாவிட்டால் மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே வரும் நிம்ஃபை அது தின்கிறது.

மீன் எழுந்து ஈயை உற்றுப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறது. ஏன்?

பத்தில் எட்டு முறை, ஈ ஓட்டத்தோடு சுதந்திரமாகப் போகவில்லை. ஈக்கும் உங்களுக்கும் இடையே வேகமான ஓட்டம் இருந்தால் அது லைனை வளைத்து ஈயை இழுக்கும். பின்னால் ‘வி’ வடிவக் கோடு தெரிந்தால் உங்களுக்கே புரியும். தெரியாத இழுப்புதான் தொல்லை: ஒரு அங்குல இழுப்பு உங்கள் கண்ணில் படாது, மீனின் கண்ணில் படும். பக்கத்தில் மிதக்கும் நுரைக் குமிழோடு ஈயை ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் ஒரே வேகத்தில் போக வேண்டும்.

இதற்கு முதல் மருந்து, நிற்கும் இடத்தை மாற்றுவது. இரண்டு அடி நகர்ந்தால் இடையிலிருந்த வேக ஓட்டம் இல்லாமலே போகலாம். அது முடியாதபோது, வீசிய லைன் காற்றில் இருக்கும்போதே ராடை நீரோட்டம் வரும் மேல்பக்கமாகச் சாய்த்து நீட்டுங்கள். லைன் வளைவோடு விழும், அந்த வளைவு நேராகும் வரை ஈ தன்பாட்டுக்கு மிதக்கும். விழுந்த பிறகு லைனின் வயிற்றுப்பகுதியை மட்டும் தூக்கி மேல்பக்கம் போடுவது அடுத்த வழி. ஈ அசையாமல் செய்ய வேண்டும், அதற்குப் பழக்கம் வேண்டும்.

லீடரின் கடைசி இரண்டடி நீர்மேல் பளபளத்துக் கிடப்பதும் மீனை விரட்டும். முல்தானி மட்டித் தூளில் சில சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவமும் கொஞ்சம் கிளிசரினும் விட்டுக் களிமண் பதத்தில் பிசைந்து சிறு டப்பாவில் வைத்துக்கொள்ளுங்கள். டிப்பெட்டை அதில் இழுத்தால் எண்ணெய்ப் பிசுக்குப் போய் நீருக்குள் அமிழும். ஈக்குமட்டும் அது படக்கூடாது. ஈக்கு மிதப்புக் களிம்பு. வாத்தின் பின்பக்க மென்னிறகில் கட்டிய ஈக்குக் களிம்பும் ஆகாது, இழைகள் ஒட்டிப்போகும், உலர்த்தும் தூள் மட்டும்.

கிட்டே போனாலே மீன் ஓடிவிடுகிறது. எவ்வளவு தூரத்தில் நிற்பது?

மீன் வெளியுலகைப் பார்ப்பது தலைக்கு மேலுள்ள ஒரு வட்டச் சன்னல் வழியாக. ஒளி நீரில் விலகுவதால் அந்தச் சன்னல் சுமார் 97 டிகிரிக் கூம்பாக அமைகிறது. வட்டத்தின் விட்டம் மீன் இருக்கும் ஆழத்தைப்போல் இரண்டேகால் மடங்கு: 30 செ.மீ. ஆழத்தில் நிற்கும் மீனுக்கு 68 செ.மீ. சன்னல், 60 செ.மீ. ஆழத்துக்கு 136. மேலே நிற்கும் மீனுக்குச் சன்னல் சிறிது என்பதால் ஈ அதன் பாதையில் சரியாக விழ வேண்டும். கை அகலம் தள்ளி விழுந்தால் அதற்குத் தெரியவே தெரியாது.

நீர்மட்டத்திலிருந்து 10 டிகிரிக்குக் கீழே இருப்பவை சன்னலின் விளிம்பில் நசுங்கி மங்கிப்போகும். இதைத் தூரமாக மாற்றினால்: மீனிலிருந்து 10 மீட்டரில் நீர்மட்டத்துக்கு மேல் 1.75 மீட்டர் உயரம் வரை மறைவு. 6 மீட்டரில் ஒரு மீட்டர்தான். ஆகவே 10 மீட்டரில் நீருக்குள் நிமிர்ந்து நிற்கலாம், 6 மீட்டரில் மண்டியிட வேண்டும். ஒரு மீட்டர் உயரக் கரைமேல் நின்றால் அந்த உயரத்தையும் கூட்டிக்கொள்ளுங்கள். 10 மீட்டரிலும் உங்கள் தலை அதற்குத் தெளிவாகத் தெரியும்.

டிரவுட் ஓட்டத்தை எதிர்த்து நிற்கும்; அதனால் கீழ்ப்பக்கத்திலிருந்து, அதன் முதுகுப்புறமாக அணுகுங்கள். சூரியன் உங்கள் பின்னால் இருந்தால் நிழல் உங்களுக்கு முன்னே போகும், ராடின் நிழலும் சேர்த்து. மெல்ல ஓடும் மடுவில் நடந்தால் அலை வட்டம் வட்டமாக மேலே போய் மீனைத் தொடும். ஓர் அடி வைத்து, அலை அடங்கிய பின் அடுத்த அடி. அவசரமாக வந்துவிட்டால் பத்து நிமிடம் சிலைபோல் நில்லுங்கள். பல மீன்கள் மறுபடியும் மேயத் தொடங்கிவிடும்.

லீடரில் அடிக்கடி தானாக முடிச்சு விழுகிறது. காற்றாலா?

பெரும்பாலும் காற்றால் அல்ல, கையால். முன்வீச்சில் தொடக்கத்திலேயே விசையைக் கொட்டிவிட்டால் ராடின் நுனி தாழ்ந்து, லைனின் மேல்பாதி கீழ்பாதியைக் குறுக்கே வெட்டும். அங்கே முடிச்சு பிறக்கும். பின்வீச்சில் லைன் முழுக்க விரியும் வரை பொறுக்காததும் அதே விளைவைத் தரும். மெதுவாகத் தொடங்கி, வேகத்தைப் படிப்படியாகக் கூட்டி, வெடுக்கென்று நிறுத்துங்கள். நீண்ட லீடரோடு 8 முதல் 12 மீட்டர் வீசினால் போதும். பின்னால் மரம் இருந்தால் ரோல் வீச்சு, அதாவது லைனைப் பின்னால் விரிக்காமல் முன்னே உருட்டிவிடுவது.

விழுந்த முடிச்சை அப்படியே விட்டுவிடாதீர்கள். டிப்பெட்டின் வலுவில் பாதிவரை அது தின்றுவிடும். இறுகாமலிருந்தால் ஈயின் முள்நுனியால் அவிழ்க்கலாம். இறுகிவிட்டால் வெட்டி மறுபடி கட்டுங்கள்.

மீன் எடுத்தும் முள் மாட்டுவதில்லையே?

சீக்கிரம் இழுத்துவிடுகிறீர்கள். மெதுநீரில் பெரிய பிரவுன் டிரவுட் நிதானமாக வாய் திறந்து, ஈயை உள்வாங்கி, வாயை மூடித் தலையைத் தாழ்த்தும். தலை தாழ்ந்த பிறகு ராடைத் தூக்குங்கள். வெட்டி இழுக்காமல் தூக்கினாலே போதும். வெட்டுக்கிளி ஈயென்றால் மனதுக்குள் ‘ஒன்று’ என்று சொல்லிவிட்டுத் தூக்குங்கள். மீனுக்கு மேல்பக்கம் நின்று கீழ்நோக்கி வீசியிருந்தால் இன்னும் சற்றுப் பொறுக்க வேண்டும், இல்லையெனில் ஈ வாயிலிருந்து நேராக வெளியே வந்துவிடும். சலசலப்பு ஓட்டத்தில் நேர்மாறு: அங்கே மீன் பாய்ந்து கவ்வி உடனே துப்பும், கை தாமதிக்கக் கூடாது. இவை எதுவுமில்லை என்றால் முள்ளைப் பாருங்கள். பின்வீச்சில் கல்லில் பட்டு நுனி மழுங்கியிருக்கும். நகத்தின்மேல் வைத்து இழுத்தால் வழுக்காமல் கீற வேண்டும்.

இடிமழைக்குப் பிறகு?

நல்ல நேரம், ஆனால் உடனே அல்ல. நீர் ஏறிக்கொண்டிருக்கும்போது ஆற்றுக்குள் நிற்காதீர்கள். மழை நீரைக் குளிரவைத்திருக்கும். கலங்கல் தெளியத் தொடங்கும் சில மணி நேரங்களில் மீன் வெளிப்படையாக மேயும். தேநீர் நிற நீரில் 8 அல்லது 10-ஆம் எண் கறுப்பு வூலி பக்கர் என்னும் மூழ்கும் பெரிய ஈ, 3எக்ஸ் டிப்பெட். மெல்லிய இழைக்கு அன்று வேலையில்லை.

மாட்டிய மீனை எப்படி விரைவாகக் கரைசேர்ப்பது?

ராடை வானத்தைப் பார்த்துத் தூக்கிப் பிடித்தால் வளைவது ராட், மீன் களைக்காது. ராடைத் தாழ்த்திப் பக்கவாட்டில் இழுங்கள். மீன் இடப்புறம் ஓடினால் வலப்புறம், வலப்புறம் ஓடினால் இடப்புறம். அதன் தலை திரும்பிக்கொண்டே இருந்தால் ஓட்டத்தின் துணை அதற்குக் கிடைக்காது. நீங்கள் மீனுக்குக் கீழ்ப்பக்கம் இறங்கிவிடுங்கள், அப்போது அது உங்களையும் ஓட்டத்தையும் சேர்த்து எதிர்க்க வேண்டியிருக்கும். சாதாரண மீனை ஓரிரு நிமிடத்தில் வலைக்குள் கொண்டுவர முடிய வேண்டும்.

நீர்ச்செடிக்குள் புகுந்துவிட்டால் ராடை வளைத்து மல்லுக்கட்டாதீர்கள். ராடை மீனை நோக்கி நீட்டி, லைனைக் கையில் பிடித்து, கீழ்ப்பக்கத்திலிருந்து நேராக, விட்டுவிட்டு இழுங்கள். மீனின் தலையாட்டல் கையில் தெரியும், அசையும்போது கூடவே இழுத்தால் வழுக்கி வெளியே வரும்.

விடுவிக்கும் முறை என்ன?

எதிர்முள்ளை ஆற்றுக்கு வருமுன்பே இடுக்கியால் நசுக்கியிருக்க வேண்டும். அதனால் மீன் தப்பிவிடும் என்ற அச்சம் வேண்டாம். லைன் இறுக்கமாக இருக்கும் வரை அது தாங்கும். முடிச்சு நூல்வலை செதிலின் மேலுள்ள வழவழப்பை உரித்துவிடும், ரப்பர் வலையே வேண்டும். கையை நனைத்துக்கொண்டு, மீன் வலைக்குள் நீரிலேயே இருக்கும்படி வைத்து, இடுக்கியால் முள்ளைப் பிடித்து வந்த வழியே பின்னோக்கித் தள்ளுங்கள். தொண்டைக்குள் போயிருந்தால் தோண்டாமல் டிப்பெட்டை வெட்டிவிடுங்கள். வெளியே தூக்கித்தான் ஆக வேண்டுமென்றால் 5 விநாடி, நீர் சொட்டச் சொட்ட.

பிறகு மிதமான ஓட்டத்தில் தலை மேல்பக்கம் பார்க்கும்படி வயிற்றுக்கடியில் லேசாகத் தாங்குங்கள். முன்னும் பின்னும் ஆட்டுவது தவறு. பின்னோக்கிப் போகும்போது செவுள் வழியாக நீர் தலைகீழாகப் பாயும். வால் உங்கள் கையை உதைத்துத் தானாகப் புறப்படும் வரை காத்திருங்கள். சிறிது தூரம் போய்ப் பக்கவாட்டில் சாய்ந்தால் மறுபடியும் பிடித்துத் தாங்க வேண்டும். அப்படி ஒரு மீன் சாய்ந்தது என்றால் அன்றைய மீன்பிடிப்பு முடிந்தது.

சாப்பிட ஒன்றை வைத்துக்கொள்ளலாமா?

அந்த ஆற்றின் விதியும் அளவும் அனுமதித்தால் தாராளமாக. உடனே தலையில் அடித்துக் கொன்று, குடலும் செவுளும் நீக்கி, ஐஸில் வையுங்கள். கோடை வெயிலில் பையில் தொங்கவிட்ட டிரவுட் கரையேறுமுன்பே குழைந்துவிடும்.

வேடர் (நீர்புகாத உயரக் காற்சட்டை) இல்லாமல் இறங்கலாமா?

இறங்கலாம், இந்தப் பருவத்தின் சுகங்களில் அதுவும் ஒன்று. விரைவில் உலரும் நீளக் காற்சட்டை, தடித்த காலுறை, ஆற்றுச் செருப்பல்ல, கணுக்காலைத் தாங்கும் பூட்ஸ். கோடைப்பாசி படிந்த கற்கள் வழுக்கும். ரப்பர் அடியில் உலோக ஆணி பதித்தவை நல்ல பிடிப்புத் தரும். கம்பளி அடிவைத்த பூட்ஸ் கல்லை நன்றாகப் பற்றினாலும் அதை வாங்குமுன் யோசியுங்கள். அதன் இழைகளில் ஈரம் நாட்கணக்கில் தங்கி, ஓர் ஆற்றின் நுண்பாசியை இன்னோர் ஆற்றுக்குக் கொண்டுபோகும். 2004-இல் டிடிமோ பாசி கண்டறியப்பட்ட நியூசிலாந்தில், 2008 முதல் கம்பளி அடி பூட்ஸுக்குத் தடை.

ஓர் ஆற்றிலிருந்து மறுநாள் இன்னோர் ஆற்றுக்குப் போகிறேன். பொருட்களை என்ன செய்வது?

புறப்படுமுன் பாசித்துணுக்குகளையும் சேற்றையும் அந்த ஆற்றின் கரையிலேயே உதறிவிடுங்கள். 10 லிட்டரில் 500 மி.லி. பாத்திரம் கழுவும் திரவம் கலந்த நீரில் பூட்ஸ், வலை, ராடின் கைப்பிடி எல்லாவற்றையும் நன்றாக நனைத்து, குறைந்தது ஒரு நிமிடம் விட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். ஈரம் உறிஞ்சும் பொருட்களுக்கு அதைவிட நெடுநேரம் ஊற வேண்டும். கழுவாமல் உலர்த்த மட்டும் போகிறீர்கள் என்றால் தொட்டால் ஈரம் தெரியாத நிலை வந்தபின் மேலும் 48 மணி நேரம் விடுங்கள். பூட்ஸின் நாக்குக்கு அடியிலும் கயிற்றுத் துளைகளிலும்தான் ஈரம் கடைசிவரை ஒளிந்திருக்கும். கயிற்றை முழுக்க உருவி, நாக்கை வெளியே இழுத்து வைத்து உலர்த்துங்கள்.